பச்சைத் தண்ணீர்

திங்களுக்கென்று எடுத்துவைத்த சிவப்பு
ஞாயிறு மாலையே வந்துவிட்டது
ஸஃபியாவின் உள்ளங்கைக்கு,
தாளிக்கும்போது தெறித்தது போல.

வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு வந்ததும்
பாலர் பள்ளியை மூடினார்கள்.
ஆறாவது ஆள் இவள்.
விளையாட்டுத் திடல் கூடாது,
மின்தூக்கியில் பொத்தான் அமுக்கக் கூடாது,
வாயெல்லாம் புண், காரம் கூடாது, சூடு கூடாது.
"எதுதான் கூடும் அத்தா?"

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன்
நாளுக்கொரு நிறம், ஐந்து கட்டம்.
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
எந்தக் கொள்கலன் மேல் எந்தக் கொள்கலன் என்று
பதினாறு வருடமாய்த் திட்டம் போடுகிறவன்.
கனமானது அடியில், முதலில் இறங்குவது மேலே.
நிறங்களில் எது கனம்?
தெரியாமல்தான் அடுக்கினேன்.

சிவப்புக்கு, சீனப் புத்தாண்டின்
காலி அங்பாவ் உறைகள், தக்காளி,
ஹாஜராவின் பழைய துப்பட்டா.
எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.
கையை நீட்டி ஒப்பிட்டாள்.
"இது மாதிரி இல்ல."
பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து
பொம்மைக்குப் புள்ளி வைத்தாள்,
துணி யானைக்கு,
எனக்கு, கை கால் இரண்டிலும்.
யீஷூன் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து
காலணியைக் கழற்றிய ஹாஜரா
வரிசையாய்ப் படுத்திருந்த நான்கு நோயாளிகளைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஐந்தாவதாகக் கையை நீட்டினாள்.

செவ்வாய் பிற்பகல் வரை சிவப்பு நகரவில்லை.
முந்தைய கப்பல் புறப்படாமல்
துறைக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தது மஞ்சள்.
கடைசியில் உறைந்த மாம்பழத் துண்டாக
அரைமணி நேரம் கரைதொட்டது,
நாக்கில் கரைந்து போனது.

நீலத்தில் தின்ன ஒன்றுமில்லை என்று
கட்டத்தில் எழுதியிருந்தேன்.
எதிர்வீட்டு ரொஹானி
கம்பிக் கதவில் பையை மாட்டி,
மணியடித்துவிட்டு எட்ட நின்றார்.
சங்குப்பூவில் ஊறிய புட்டரிசிப் பலகாரம்,
மழைக்கு முந்தைய வானம் போல் ஒரு பக்கம் மட்டும் நீலம்.
வலிக்கிறது என்றபடியே மூன்று துண்டு.
அந்த வரியை அடித்தேன்.

வியாழன், பச்சை.
பாண்டான் இலை, பட்டாணி,
சன்னல் வழியே எண்ண மழைமரங்கள்,
தயாராய் இருந்தேன்.
அதற்குமுன் வாய் தவறி,
"போய்ப் பச்சைத் தண்ணியில கை கழுவிட்டு வா."

ஐந்து நிமிடம் வரவில்லை.
முக்காலி மேல் ஏறி
குழாயைத் திறந்துவிட்டு
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னும் பச்ச வரல அத்தா."

சுடவைக்காத தண்ணீர் என்று பொருள், என
ஆரம்பித்து நிறுத்தினேன்.
பச்சைப் பிள்ளை எந்தப் பச்சை?
இவள் பிறந்த வாரம் ஹாஜராவைப்
பச்சை உடம்புக்காரி என்றார்களே,
வெளுத்துக் கிடந்தாளே அவள்.
பச்சைப் புண் சிவப்புதானே, இதோ உன் நாக்கில்.
இந்தக் கொள்கலனுக்கு
அளவும் இல்லை, எண்ணும் இல்லை,
திறந்தால் உள்ளே வேறொன்று.

தண்ணீர்க் கட்டணம் என் தலைக்குள் ஓடியது.
குழாயை மூடவில்லை.
நானும் குனிந்தேன்.
எஃகுத் தொட்டியில் விழுந்த தண்ணீர்
சாம்பலாய்த் தெரிந்தது, பிறகு
முக்காலியின் ஆரஞ்சு கொஞ்சம்,
அவள் சட்டை கொஞ்சம்.
"வருது," என்றாள்.
எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக் கட்டம் என்ன நிறம் என்று
இப்போது நினைவில்லை.
அன்று அவள் விரல் நுனியில் தோல் உரியத் தொடங்கியது.
ஒரு கீற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து
இதுக்கு என்ன கலர் என்றாள்.
தாளில் தேடினேன்.
அங்கே ஒட்டு நாடா மட்டும்
அதே போல் மெலிதாய்,
அடியில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டு.